புதுப்பிப்பு: சொல்லாமல் விட்ட முதுகுவலி

கிடங்கில் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்ததையும், வேலையிடத்தில் யாரிடமும் சொல்லாமல் சொந்த விடுப்பில் இரண்டு வாரம் படுத்துக் கிடந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். "வேலையில் காயம்பட்டதை முதலில் மேலாளருக்கு எழுத்தில் கொடு" என்று படித்தவர்கள் திட்டினீர்கள். கேட்கவில்லை.

திங்களன்று வேலைக்குத் திரும்பினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கீழ்த்தட்டுப் பெட்டிக்காகக் குனிந்ததும், இடுப்பிலிருந்து வலது குதிகால்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓர் இழுப்பு. அலமாரிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம்.

வலியைவிட என்னை வாட்டுவது வேறு. முதல் தடவை மருத்துவரிடம் "வீட்டில் சுளுக்கிக்கொண்டது" என்று நானே சொன்னது (வீரம்!) மருத்துவச் சீட்டில் அப்படியே இருக்கிறது. இழப்பீடு கேட்டால் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள்.

இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன். காயம்பட்ட தேதி வேறு, தெரிவித்த தேதி வேறு என்று இரண்டையும் மறைக்காமல் குறித்தேன். அன்று பக்கத்தில் நின்ற நண்பர் தான் கண்டதை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்திட்டார். மேலாளர் முகம் சுளித்தார், ஆனாலும் நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார். பளு தூக்காத வேலை கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பெட்டிகளில் சீட்டு ஒட்டுகிறேன். இழப்பீடு கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.