புதுப்பிப்பு: கையெழுத்துப் போடாவிட்டாலும் சம்மதமா?

அமெரிக்கச் சிறைவாசிகளின் சிவில் உரிமை வழக்குகள் பற்றிய என் பழைய இழையில், ‘எல்லாத் தரப்பும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மாஜிஸ்திரேட் நீதிபதி (மாவட்ட நீதிபதிக்கு உதவும் நீதிபதி; தரப்புகள் சம்மதித்தால்தான் வழக்கை அவரே முடிக்கலாம்) தீர்ப்புச் சொன்னால் செல்லாது’ என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது பாதிதான் சரி.

2003-இல் தீர்ப்பான ரோயெல் எதிர் விட்ரோ வழக்கைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். டெக்சாஸ் சிறைவாசி ஒருவர் சிறை மருத்துவப் பணியாளர்கள் மூவர்மீது தொடுத்தது. இருவர் படிவமே தரவில்லை. ஆனாலும் மாஜிஸ்திரேட் முன் கடைசிவரை வாதாடி, ஜூரியிடம் வென்றும் விட்டார்கள்! மேல்முறையீட்டு நீதிமன்றம் தானாகவே சம்மதம் பற்றிக் கேள்வி எழுப்பி, அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில் அதை மாற்றியது: மறுக்கலாம் என்று தெரிந்தும் தொடர்ந்து வாதாடினால் அதுவே சம்மதம்.

சரி, சம்மனே போகாத பிரதிவாதி? அவர் சம்மதமும் வேண்டும். கைதி மட்டும் சம்மதித்ததை வைத்து மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது என்றது ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (வில்லியம்ஸ் எதிர் கிங், 2017).

அப்புறம், ‘மறுத்தால் நீதிபதி கோபிப்பாரோ’ என்று கேட்டிருந்தவருக்கு: எல்லாரும் சம்மதித்தால் ஒழிய, யார் என்ன பதில் தந்தார் என்பதை நீதிபதியிடம் சொல்லவே கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி சிவில் நடைமுறை விதி 73 அப்படித்தான் சொல்கிறது.