ஹயலுரோனிக் அசிட் ஊசிக்குத் தமிழில் என்ன பெயர்?

கல்லடி, இயன்மருத்துவர்:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய துண்டுப்பிரசுரம் ஒன்று ஒரே சொல்லில் நிற்கிறது. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் விளையாடி முழங்காலைத் திருப்பிக்கொண்டு வருகிற பொடியன்மாருக்காக எழுதுகிறேன். அதில் ஒரு பக்கம் மூட்டு வலிக்குப் போடுகிற ஹயலுரோனிக் அசிட் ஊசி பற்றியது. 'ஹயலுரோனிக் அமிலம்' என்று எழுதி, ஒரு பையனின் தாயிடம் வாசிக்கக் கொடுத்தேன். "அசிட்டையா புள்ளட காலுக்குள்ள ஏத்தப் போறீங்க?" என்று கேட்டுத் தாளை மடக்கி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அமிலம் என்ற சொல் வராத, கேட்டவுடன் விளங்கும் ஒரு பெயர் தாருங்கள்.

காரைதீவு, ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்:

மகள், அந்தத் தாயின் பக்கம் இரசாயனமும் இருக்கிறது. ஊசியில் வருவது பெரும்பாலும் அதன் சோடியம் உப்பு. 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்கத்தில் ஹயலோஸ் என்றால் கண்ணாடி. அந்தப் பொருளில் உள்ள யூரோனிக் அமிலத்தின் பெயரையும் அதனோடு சேர்த்துப் பெயர் வைத்தார்கள். உடலுக்குள் அது அமில வடிவில் நிற்பதில்லை. அதனால்தான் 1986இல் எண்ட்ரே பாலாஸும் உடன் ஆய்வாளர்களும் 'ஹயலுரோனன்' என்ற பெயரை முன்வைத்தார்கள். எனவே அமிலத்தைத் தயங்காமல் விடலாம்.

ஆனால் ஹயலுரோனன் என்று அப்படியே எழுத எனக்கு மனமில்லை. விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரில் இருக்கிறேன்; 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர் அவர். கண்ணாடிக்கு நம்மிடம் பளிங்கு இருக்கிறது. மணிமேகலையின் பளிக்கறையை, அந்தப் பளிங்கு அறையை, நினைத்துப் பாருங்கள். 'பளிக்கம்' என்று வைத்தால் என்ன?

சம்மாந்துறை, தமிழாசிரியை:

சேர், பளிக்கம் அழகான சொல். ஆனால் பளிங்கைப் படிகத்தோடும் வடமொழி ஸ்படிகத்தோடும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, அது தமிழா வடமொழியா என்ற வழக்கு வெள்ளிக்குள் முடியாது. அதோடு, முழங்காலுக்குள் பளிங்கு என்றால் கண்ணாடித் துண்டு என்றே கேட்கும். அந்தத் தாய் இன்னும் பயப்படுவார்.

பொருளின் தொழிலைப் பார்த்துப் பெயர் வைப்போம். மூட்டில் உராய்வைக் குறைப்பதுதானே அதன் வேலை? வண்டி அச்சுக்கு இடுவது உயவுநெய். 'மூட்டு உயவி' என்றால் முடிந்தது என்று முதலில் நினைத்தேன். பிறகு தொல்காப்பிய உரியியல் நினைவுக்கு வந்தது: 'உயாவே உயங்கல்'. பழைய வழக்கில் உயவு என்றால் வருத்தம். வலியோடு வருகிறவருக்கு வருத்த ஊசியா? அடுத்தது வழு என்ற வேர். வழுக்கு, வழுவழுப்பு, வழும்பு எல்லாம் அதில் வருகிறவை. வெண்டிக்காயை நறுக்கினால் கையில் இழுபடுகிறதே, அதுதான் இந்தப் பொருளின் குணம் என்று வாசித்தேன். 'மூட்டு வழும்பு' என் விருப்பம்.

காரைதீவு, ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்:

வழு என்றால் பிழை. வழாநிலை, வழுவமைதி என்று நீங்களே படிப்பிக்கிறீர்கள். பந்தாடுகிறவனுக்கு வழுக்கு என்றால் விழுகை. பளிக்கத்தை விட எந்த வகையில் இது மேல்?

குணத்தைச் சொல்வதானால் நமது பாடநூலில் பிசுக்குமை, அதாவது திரவம் ஓடுவதைத் தடுக்கும் குணம், இருக்கிறது. ஆனால் இந்தத் திரவத்தின் சிறப்பு பிசுக்குமை மட்டும் அல்ல. மெதுவாக அசைந்தால் அது எண்ணெய்போல் வழுக்கிக் கொடுக்கும். குதித்து இறங்கினால் வில்போல் அதிர்ச்சியைத் தாங்கும். இரண்டையும் ஒரு சொல்லில் பிடிக்க வேண்டும்.

காத்தான்குடி, மருத்துவர்:

இரவுக் கடமை முடிந்து வந்து எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு வேறு கவலை. உயவி, ஊட்டம், நிரப்பி என்று எதை வைத்தாலும், தேய்ந்தது திரும்ப நிரம்பும் என்று நோயாளி நம்புவார். அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது முழங்கால் மூட்டுத் தேய்வு வலிக்கு. அந்த நாட்டு எலும்பியல் மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டி, அதற்குக்கூட இதை வழமையாகப் போடவேண்டாம் என்கிறது. விளையாட்டுக் காயங்களுக்குச் சான்று இன்னும் குறைவு. பெயரே வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் கட்டாயம் எழுதுங்கள் தங்கச்சி. சில மருந்துகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுகின்றன, சில நுண்ணுயிரை வளர்த்து. முட்டை, இறகு ஒவ்வாதவர்களும் சைவக்காரரும் ஹலால் பார்ப்பவர்களும் எது என்று கேட்கும் உரிமை உள்ளவர்கள். எந்தத் தமிழ்ச் சொல் வைத்தாலும் பெட்டியில் உள்ள பெயர் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மருந்தகத்தில் எப்படிக் கேட்பார்கள்? இதை ஸ்டீரொய்ட் ஊசி என்று நினைத்து வருகிறவர்களும் நிறையப் பேர்.

கல்லடி, இயன்மருத்துவர்:

நன்றி டொக்டர், கொண்டை விஷயத்தைத் தனிப் பெட்டியில் போடுகிறேன். ஊசி போட்டபின் 48 மணித்தியாலம் ஓட்டமும் பாரம் தூக்குவதும் வேண்டாம் என்பதும் அங்கேயே வரும்.

பெயருக்கு: என்னிடம் வருகிற வயதானவர்கள் "மூட்டில நெய் வத்திப் போச்சு" என்கிறார்கள். 'மூட்டுநெய் ஊசி' என்று எழுதி, பக்கத்தில் ஹயலுரோனன் என்று போடவா?

சம்மாந்துறை, தமிழாசிரியை:

என் வழும்பை விட்டுக்கொடுக்கிறேன். நெய் நல்ல பழஞ்சொல். எள்ளின் நெய் எண்ணெய். சங்கப் பாட்டில் குருதி நெய்த்தோர். உடலின் ஈரத்துக்கு அந்தச் சொல் புதிதல்ல.

காத்தான்குடி, மருத்துவர்:

முழங்காலுக்குச் சரி, நானும் ஆதரவு. ஆனால் உங்கள் மூன்றாம் பக்கத்தில் முழங்கை, குதிக்கால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) காயம் இருக்கிறதே. அங்கே ஊசி மூட்டுக்குள் போவதில்லை, தசைநாணைச் சுற்றித்தான் போடுவார்கள். அதை மூட்டுநெய் என்று எப்படிச் சொல்வது?

காரைதீவு, ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்:

இதைத்தான் நான் சொல்லவந்தேன். இடத்தை வைத்துப் பெயரிட்டால் இடம் மாறும்போது பெயர் உடையும். பளிக்கம் எங்கே போனாலும் பளிக்கம்தான். பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லடி, இயன்மருத்துவர்:

குறித்துக்கொண்டேன் சேர். இரண்டாம் பக்கம் 'மூட்டுநெய் ஊசி'. மூன்றாம் பக்கம் இப்போதைக்கு 'ஹயலுரோனன் ஊசி' என்றே போகிறது. அச்சகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். அதற்குள் யாருக்காவது தசைநாணுக்கும் பொருந்துகிற சொல் கிடைத்தால் உடனே எழுதுங்கள், திருத்திவிடுகிறேன்.