பழைய புத்தகத்து கேக், நடுவில் பள்ளம்: உதவி தேவை

பழைய புத்தகக் குவியலில் கிடைத்த பேக்கிங் புத்தகம் ஒன்று. முதல் பக்கங்கள் கிழிந்துபோயிருப்பதால் எந்த நாடு, எந்த ஆண்டு என்று தெரியவில்லை. அதிலுள்ள சாதா வெண்ணெய் கேக் எனக்கு ஒவ்வொரு முறையும் நடுவில் அமுங்கிவிடுகிறது. முதல் அரை மணி நேரம் அழகாக எழும்பும், அப்புறம் மெல்ல இறங்கும். வெட்டினால் அடியில் பிசுபிசுப்பாக ஒரு கோடு.

அளவுகள்: மைதா 8 அவுன்ஸ் (227 கிராம்), வெண்ணெய், சர்க்கரை தலா 4 அவுன்ஸ், முட்டை 2, பால் கால் பைன்ட், பேக்கிங் பவுடர் 'குவித்த' டீஸ்பூன் 2. வெப்பநிலை எண் கிடையாது, 'மிதமான சூடு' என்பதோடு சரி. ஓரத்தில் யாரோ பென்சிலால் 'இன்னும் 10 நிமிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். புண்ணியவான், பவுடரைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்!

என்னுடையது 28 லிட்டர் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்), 18 செ.மீ. வட்டக் கேக் டின். விசிறியை நிறுத்தி 180 டிகிரியில் வைத்தேன், உள்ளே தெர்மாமீட்டர் வைத்தும் சரிபார்த்தாயிற்று. பென்சில்காரர் சொன்ன 10 நிமிடமும் கூட்டிப் பார்த்தேன். மேலே கருகியதுதான் மிச்சம். பிரிட்டிஷ் பைன்ட் கணக்கில் 142 மி.லி., அமெரிக்கக் கணக்கில் 118 மி.லி. என்று பாலை இரண்டு விதமாகவும் ஊற்றியாகிவிட்டது. குறைத்தால் ஈரக்கோடு மெலிகிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது. பவுடர் புதியது, வெந்நீரில் போட்டால் நன்றாகவே நுரைக்கிறது.

எனக்குச் சந்தேகம் அந்தக் 'குவித்த' மேல்தான். பழைய சமையல் குறிப்புகளில் பழகியவர்கள் சொல்லுங்கள்: இந்த அளவு மாவுக்கு, தட்டையாக வழித்த டீஸ்பூனில் எத்தனை போடுவீர்கள்?