லெதர் ஹார்டு நிலைக்கு ஒரு தமிழ்ச் சொல்: சுண்டுபதம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மண்கலக் கலைக்கு நாம் தொகுத்துவரும் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில், சக்கரமின்றிக் கையாலேயே மண்கலம் செய்வதைக் 'கைவனைவு' என்று வழங்கலாம் என முன்பே ஏற்றுக்கொண்டோம். களிமண்ணைக் கயிறாக உருட்டி அடுக்குவது 'திரிவனைவு', தகடாகத் தட்டி இணைப்பது 'தகட்டுவனைவு' என்பவற்றிலும் எனக்கு மறுப்பில்லை. இழுபறியாக நிற்பது லெதர் ஹார்டு (leather hard), அதாவது வனைந்த கலம் முழுதும் காயாமல், அதே சமயம் அமுங்காத அளவுக்கு இறுகியிருக்கும் நிலைக்கான சொல்தான். புதிதாகக் கற்பவரின் கலம் பெரும்பாலும் இந்த நிலையைத் தவறவிடுவதாலேயே கெடுகிறது. ஆகவே இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஜோகன்னஸ்பர்க் அன்பர் 'தோல்பதம்' என்றார். தமிழில் தோல் என்றதும் பழத்தின் தோலோ உடம்பின் தோலோதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பதனிட்ட தோலின் விறைப்பு வருவதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அம்மையாரின் 'அரையுலர்நிலை' எளிமையானது என்றாலும் தவறான எண்ணத்தைத் தருகிறது. மண்துகள்களுக்கு இடையே இருக்கும் நீர் வெளியேற வெளியேறத் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, கலம் சுருங்குகிறது. துகள்கள் தொட்டுக்கொண்டபின், நுண்துளைகளில் எஞ்சிய நீர் போனாலும் சுருக்கம் மிகக் குறைவே. லெதர் ஹார்டு நிலை கடக்கும்போது இந்தச் சுருக்கத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். அங்கே 'அரை' என்று சொன்னால், இன்னும் பாதிச் சுருக்கம் மிச்சமிருக்கிறது என்று மாணவர் நம்பிவிடுவார்.

இது வெறும் நுணுக்கம் அன்று. இறுகிய கோப்பையின் மேல், அப்போதுதான் உருட்டிய ஈரமான கைப்பிடியை ஒட்டினால், கோப்பை சுருங்கி முடித்திருக்கும், கைப்பிடி இனிமேல்தான் சுருங்கத் தொடங்கும். மறுநாள் காலை ஒட்டிய இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் தெரியும். இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது, இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தினால் மட்டுமே பிடிப்பு நிற்கும்.

இந்தப் பதத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லவும் முடியாது. கடற்கரையை ஒட்டிய டர்பனில் பிப்ரவரி மாதப் புழுக்கத்தில், நெகிழித்தாள் சுற்றிய கலம் இரண்டு மூன்று நாள் கழித்தும் தொட்டால் குழைந்து கிடக்கும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்திலோ, திறந்து வைத்த கலத்தின் விளிம்பு அன்று மாலைக்குள்ளேயே வெளுத்துவிடும். எனவே சொல்லும் கைக்குத் தெரிவதைச் சுட்டவேண்டும். விரலால் அழுத்தினால் கலம் அமுங்கக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழவேண்டும், கத்தியால் சீவினால் மண் அலகில் ஒட்டாமல் சுத்தமாக வரவேண்டும்.

நம் குவாசுலு-நட்டால் மாநிலத்தின் துகேலா பள்ளத்தாக்கில் நெஸ்ட்டா நாலா (1940–2005) போன்ற ஜூலு கலைஞர்கள் திரிகளை அடுக்கியே உக்காம்பா என்னும் சோள பீர்க் கலங்களை வனைந்தார்கள். அக்கலங்களின் பளபளப்புக்குக் கூழாங்கல்லால் தேய்ப்பதும் ஒரு காரணம். மண் மிக ஈரமாக இருந்தால் கல் அதை இழுத்துக் குழைக்கும். காய்ந்துவிட்டாலோ கீறல்தான் மிஞ்சும். இரண்டுக்கும் இடைப்பட்ட இந்தப் பதத்தில்தான் தேய்க்கவேண்டும். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் கலைக்கூடங்களில் இத்தகைய கலங்களைக் காண வாய்ப்புக் கிடைத்தால், குழுவினர் அந்த வழவழப்பை அருகே நின்று பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த விவாதத்திற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

என் முன்மொழிவு 'சுண்டுபதம்'. ஈரம் சுண்டிப்போயிற்று, குழம்பு சுண்டிவிட்டது என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். நீர் வற்றி இறுகுவதை அந்த வினை தானே சுட்டுகிறது. பாகுக்குக் கம்பிப்பதம் என்பதுபோல், 'பதம்' என்பது இது கையால் அறியவேண்டிய நிலை என்பதைச் சொல்லிவிடும். 'ஈரப்பதம்' வானிலைச் செய்தியில் நிலைத்துவிட்டதால் அதை மீண்டும் எடுப்பது குழப்பம் தரும். சுட்ட பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதால் மயக்கம் வராதா என்று ஒருவர் கேட்கக்கூடும். அது விரலின் வினை, முழுதும் சுட்ட கலத்தின்மேல் நிகழ்வது. சூளைக்கு முந்தைய பாடத்தில் அந்தப் பொருள் குறுக்கிட இடமில்லை. 'சுண்டல்பதம்' என்று மட்டும் எழுதிவிடக்கூடாது. அது கொண்டைக்கடலையை நினைவூட்டிவிடும்.

இதை அடுத்து, கலம் முற்றிலும் காய்ந்துவிடும் நிலையான போன் டிரைக்குச் (bone dry) 'சுக்குப்பதம்' எனலாம். சுக்காகக் காய்ந்தது என்பது நம் பேச்சிலேயே இருக்கும் வழக்கு. அந்த நிலையில் கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது, சூளையில் வைத்தால் அந்த நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கலத்தை வெடிக்கச் செய்துவிடும். களிமண்ணின் மூலக்கூறோடு பிணைந்த நீர் வேறு. அது ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் பிரியும் என்பதையும் கலைச்சொல் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

வார இறுதி வகுப்புகளில் களிமண் பாடம் நடத்துவோர் இவ்விரு சொற்களையும் மாணவர் முன்னிலையில் சொல்லிப் பார்த்து, அவர்கள் வாயில் எளிதாக வருகின்றனவா என்று எழுதுங்கள். மண்குழம்பை அடர்வுக்கேற்ப இரண்டாகப் பிரிக்கவேண்டுமா என்பதை அதன்பின் எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
டர்பனிலிருந்து