பி.எஸ்.எஃப்-ல உதவி கமாண்டன்ட்: ஐம்பது வயசு ஆளுக்கு நான் எப்படி உத்தரவு போடுறது?

ஆத்தங்குடிப் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மத்திய ஆயுதப் படைகளுக்கு அதிகாரிகளை எடுக்க யூ.பி.எஸ்.சி நடத்துற சி.ஏ.பி.எஃப் தேர்வுல எனக்கு எல்லைப் பாதுகாப்புப் படை, அதாவது பி.எஸ்.எஃப் கிடைச்சிருக்கு. உதவி கமாண்டன்ட். வயசு 24. அப்பா ஆத்தங்குடியில தரைக்கல் பட்டறையில வேலை பாக்குறாரு. வீட்ல கவர்மென்ட் வேலைக்குப் போற முதல் ஆளு நான்தான்.

எழுத்துத் தேர்வு, 800 மீட்டரை 4 நிமிஷம் 45 செகண்டுக்குள்ள ஓடுறது, இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சுது. அப்பல்லாம் வராத பயம் இப்ப வருது. யூடியூப்ல தேடினா வாகா கேட்ல கால் தூக்குறதும், பயிற்சியில சேத்துல புரளுறதும்தான் வருது. தினப்படி ஒரு அதிகாரிக்கு என்ன வேலைன்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க. எங்க அப்பா வயசுல இருக்கற எஸ்.ஐ., ஏட்டுக்கெல்லாம் நான் போய் எப்படி உத்தரவு போடுறது? இந்தியும் தத்தளிப்புதான். அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

புதுவயல் மணி:

வாழ்த்துகள் தங்கச்சி! நம்ம சிவகங்கை இலுப்பைக்குடியிலயே பெரிய கேம்ப் இருக்கே. அங்கேயே போஸ்டிங் கேட்டு வாங்கிரு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம்.

பள்ளத்தூர்க்காரன்:

ஆத்தா, ரொம்ப சந்தோஷம். நான் 1986-ல சப்-இன்ஸ்பெக்டரா சேர்ந்து டெபுடி கமாண்டன்டா வெளிய வந்தவன். ராஜஸ்தான், திரிபுரா, கூடுதலா மேற்கு வங்காளத்துல நதியா ஜில்லா. அதனால நான் சொல்றது பெரும்பாலும் வங்கதேச எல்லைக் கதை. பாகிஸ்தான் பக்கம் வேற கணக்கு.

மணி தம்பி, இலுப்பைக்குடியில இருக்கறது இந்தோ-திபெத் படையோட பயிற்சி மையம். அவுக சீன எல்லை பாக்குறவுக. நேபாளம், பூட்டான்னா எஸ்.எஸ்.பி-ங்கற இன்னொரு படை. நாங்க பாகிஸ்தானும் வங்கதேசமும். 1965 சண்டைக்கு அப்புறம் அந்த வருஷம் டிசம்பர் 1-ந்தேதி ஆரம்பிச்ச படை. ராணுவம் வேற, அது பாதுகாப்பு அமைச்சகம். நாங்க உள்துறை. ஊர்ல இன்னமும் என்னை "மிலிட்டரிக்காரரு"ன்னுதான் சொல்றாக. திருத்தித் திருத்திப் பாத்துட்டு விட்டுட்டேன்.

உன் கேள்விக்கு வரேன். உத்தரவு போடுறது ஒரு கஷ்டமே இல்ல. நீ போட்டா ஐம்பது வயசு ஏட்டு "ஜீ மேடம்"னு சல்யூட் அடிச்சுட்டுப் போவாரு. போய் தனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்வாரு. பாதி நேரம் அதுதான் சரியாவும் இருக்கும். அதிகாரியோட கஷ்டம் ரெண்டு நோட்டுல இருக்கு: டியூட்டி ரிஜிஸ்டர், லீவு ரிஜிஸ்டர்.

எனக்கு இது எப்படிப் புரிஞ்சுதுன்னு சொல்றேன். சேர்ந்து மூணாவது வருஷம், நதியாவுல ஒரு பி.ஓ.பி, அதாவது எல்லைக் காவல் சாவடி. நான்தான் போஸ்ட் கமாண்டர். ஜனவரி மாசப் பனி அங்க எப்படின்னா, கையை நீட்டினா விரல் தெரியாது. ராத்திரி ரெண்டரைக்கு சைக்கிளை எடுத்துக்கிட்டு நாக்கா நாக்காவாப் பாத்துட்டு வரேன். நாக்கான்னா மறைஞ்சு உக்காந்து காவல் காக்குற இடம். யாராவது கிட்ட வந்தா "தம்! கௌன் ஆதா ஹை"ன்னு குரல் வரணும். ஒரு இடத்துல வரல. கிட்டப் போனா, கம்பளிக்குள்ள ஆளு நல்ல தூக்கம். நான் என்ன பண்ணினேன்? ஆளை எழுப்பாம அவன் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அந்த வயசுல அதெல்லாம் பெரிய வீரம்.

காவல்ல தூங்கறது 1968-ஆம் வருஷத்து பி.எஸ்.எஃப் சட்டப்படி குத்தம். காலையில ஒரு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினேன். கார்வால்காரர் ஒரு ஏட்டு இருந்தாரு, உங்க அப்பா வயசு இருக்கும். ஒண்ணுமே பேசல. ரெண்டு நோட்டையும் கொண்டாந்து மேசை மேல விரிச்சு வச்சுட்டு, டீ வாங்கப் போற மாதிரி போயிட்டாரு. பாத்தா, அந்தப் பையன் வரிசையா 11 ராத்திரி அதே ஆத்தங்கரை நாக்காவுல. வீட்டுக்குப் போய் அஞ்சு மாசம். வேற நாலு பேருக்கு அதே பதினோரு நாளும் கிச்சன், ஸ்டோர், கேட்டு. டியூட்டி எழுதுறவருக்கு வேண்டியவுக.

ரிப்போர்ட்டை நான் கிழிக்கல. தூங்கினது தூங்கினதுதான். அடியில ரெண்டு வரி மட்டும் சேத்தேன், இத்தனை ராத்திரி, இத்தனை மாசம்னு. கம்பெனி கமாண்டர் படிச்சுட்டு அந்தப் பையனை ஒரு வாட்டி திட்டினாரு. என்னை அரை மணி நேரம் திட்டினாரு. "டியூட்டி ரிஜிஸ்டர்ல தினமும் கையெழுத்துப் போடுறது யாரு?" நான்தான். படிக்காமப் போட்டிருக்கேன்.

அதுக்கப்புறம் சர்வீஸ் முடியுற வரைக்கும், எந்த சாவடிக்குப் போனாலும் துப்பாக்கி எண்ணுறதுக்கு முன்னாடி லீவு ரிஜிஸ்டரைத்தான் பாப்பேன். வருஷத்துக்கு 60 நாள் ஈட்டிய விடுப்பு, 15 நாள் கேஷுவல்னு காகிதத்துல இருக்கு. கணக்குல நூத்துச் சொச்சம் பேரு இருக்கற கம்பெனியில லீவு, பயிற்சி, தேர்தல் டியூட்டின்னு போக கையில அறுபது எழுபது பேருதான் நிப்பாக. எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாக. சத் பூஜைன்னு நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட, நானும் பட்டதில்ல. தீபாவளி கழிஞ்சு ஆறாம் நாள். பீகார்க்காரனுக்கு அதுதான் நம்ம பொங்கல் மாதிரி. பஞ்சாப் பையனுக்குக் கோதுமை அறுப்பு. நம்ம காரைக்குடிப் பக்கத்து ஆளுன்னா முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மாசி பங்குனியில நிப்பான். வங்காளிக்கு துர்கா பூஜை. இதையெல்லாம் ஒரு காலண்டர்ல எழுதி வச்சுக்கிட்டு, போன வருஷம் போனவன் யாரு, போகாதவன் யாருன்னு பாத்து அனுப்பு. உன்னோட இந்தி தப்பும் தவறுமா இருந்தாலும் ஆளுக நீ சொன்னதைச் செய்வாக.

அடுத்து ஒரு அவமானக் கதை. எங்க அப்பா செட்டியார் வீட்டுல கணக்கப்பிள்ளை. கல்யாண வீட்டுல வெள்ளிச் சாமான் உள்ளேயிருந்து எடுத்தாலும் எண்ணுவாரு, திரும்ப வச்சாலும் எண்ணுவாரு. அந்த மனுஷனுக்குப் பொறந்த நான் ஒரு ராத்திரி எண்ணாமக் கையெழுத்துப் போட்டேன். கடத்துற சரக்கு, கோடீன் கலந்த இருமல் மருந்து. அந்தப் பக்கம் வங்கதேசத்துல அதுக்குத் தடை, போதைக்குக் குடிக்கறாக. வாழைத்தோப்புல நாலு சாக்கைப் போட்டுட்டு ஓடிட்டானுக. பறிமுதல் பட்டியல்ல 500 பாட்டில்னு எழுதி நீட்டினாக, போட்டுட்டேன். மறுநாள் கஸ்டம்ஸ்ல எண்ணினா 488. பன்னெண்டு பாட்டில் எங்க? உடைஞ்சதா, எண்ணுனது தப்பா, யாராவது எடுத்தாகளா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. விசாரணை ஏழு மாசம் நடந்துச்சு. அந்த ஏழு மாசமும் அப்பாவுக்கு லெட்டர்ல இதை எழுதவே இல்ல.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்க. நாம பிடிக்கலாம், சோதனை போடலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம். ஆளைப் போலீஸ்ல ஒப்படைக்கணும், சரக்கைக் கஸ்டம்ஸ்ல. வழக்கு நடத்துறது அவுக வேலை. 2021 அக்டோபர்ல பஞ்சாப், வங்காளம், அஸ்ஸாம்ல நம்ம அதிகாரம் செல்லுற தூரத்தை 15 கிலோமீட்டர்ல இருந்து 50-ஆக்கினப்போ டிவியில பெரிய சத்தம். அப்பவும் விசாரணை அதிகாரம் வரல. அதனால உன் கையில நிக்கறது காகிதம்தான். நேரம், இடம், எண்ணிக்கை, சாட்சி. அது கோணிப் போனா கோர்ட்டுல பிடிச்சவனும் திருடனும் ஒண்ணா நிப்பாக.

வேலிக் கேட்டைப் பத்தி யாரும் சொல்ல மாட்டாக. வேலியை எல்லைக் கோட்டு மேலேயே போட்டிருக்கறதா நினைக்காத. கோட்டுல இருந்து 150 கெஜம் உள்ள தள்ளித்தான் போடுறது. அதனால நம்ம ஊர்க்காரன் நிலமே வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கும். காலையில நேரத்துக்குக் கேட்டைத் திறந்து, அடையாள அட்டையை வாங்கி வச்சுக்கிட்டு, பேரு எழுதி அனுப்பணும். சாயங்காலம் எண்ணிச் சரி பாத்து உள்ள எடுக்கணும். பொம்பளைகளைச் சோதிக்கப் பெண் காவலர்தான் வேணும். 2009-ல இருந்துதான் படையில பெண் கான்ஸ்டபிள்கள் பயிற்சி முடிச்சு வர ஆரம்பிச்சாக. அதுக்கு முன்னாடி நாங்க பட்ட சங்கடம் சொல்லி மாளாது. ஒரு கிழவி தினமும் வாத்துகளை ஓட்டிக்கிட்டுக் கேட்டு சாத்தின பிறகுதான் வரும். சட்டப்படி திறக்கக் கூடாது. இருட்டுல அந்தப் பக்கம் விடவும் முடியாது. நான் திறப்பேன், திறந்த நேரத்தையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வாத்தையும் எண்ணுவேன். பாட்டில் கதைக்கு அப்புறம் எதையும் எண்ணாம விடுறதில்ல.

ராஜஸ்தான் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. நம்ம ஊரு சித்திரை வெயில்ல வளந்தவளுக்கு 48 டிகிரியும் பழகிரும். மணலை இழுத்துச் சமப்படுத்தி விடுவாக, காலையில அதுல கால்தடம் பாக்கணும். ஆளு செருப்பைத் திருப்பிப் போட்டு நடந்தாலும் கண்டுபிடிக்கறவுக இருக்காக. அவுககிட்ட உக்காந்து கத்துக்க, நான் சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன்.

இந்திக்கு: நான் முப்பது வருஷமும் ஆண்பால் பெண்பாலை மாத்தித்தான் பேசினேன். என் துப்பாக்கி ஆம்பளையாவே இருந்துச்சு. சிரிப்பாக, சிரிக்கட்டும்.

தேவகோட்டையான்:

எல்லாம் சரிங்க. பொம்பளைப் புள்ளை, கல்யாணம் காட்சின்னு இருக்கே. பேங்க் எக்ஸாம் எழுதலாமே.

கோட்டையூர் அக்கா:

தேவகோட்டையான் அண்ணே, அவ கேட்டது உத்தரவு போடுறது எப்படின்னு. பேங்க் எக்ஸாமைப் பத்தி இல்ல. 2017-லயே ராஜஸ்தான் பொண்ணு தனுஸ்ரீ பாரீக் டேகன்பூர்ல இருக்கற பி.எஸ்.எஃப் அகாடமியில பயிற்சி முடிச்சு, படையில களத்துல நிக்கற முதல் பெண் அதிகாரியா வந்தாச்சு. இவ ஒண்ணும் புதுசாப் பாதை வெட்டப் போகல.

தங்கச்சி, எங்க வீட்டுக்காரவுக மத்தியப் படையில இன்ஸ்பெக்டர். ஐயா சொன்னதுல வீட்டுப் பக்கம் விட்டுப்போச்சு, அதை நான் சொல்றேன். சாவடிக்குக் குடும்பம் போக முடியாது. பட்டாலியன் தலைமையிடத்துல குவார்ட்டர்ஸ் கிடைச்சா உண்டு, இல்லன்னா ஊருதான். சில இடத்துல நாள் கணக்கா போன் கிடைக்காது. உங்க அம்மாகிட்ட பட்டாலியன் கன்ட்ரோல் ரூம் நம்பரை எழுதிக் குடுத்துட்டுப் போ. "ரெண்டு நாள் பேசலன்னா பயப்படாதீக, நாலாவது நாள் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிரு. என் மாமியாருக்கு யாரும் சொல்லாம, அஞ்சு நாள் பச்சத்தண்ணி குடிக்காமக் கிடந்தாக.

இன்னொண்ணு. அவுக லீவுல வந்தா முதல் மூணு நாலு ராத்திரி ரெண்டு மணிக்கு டாண்ணு எந்திரிச்சுருவாக. முன்கதவு, கொல்லைக்கதவு ரெண்டையும் இழுத்துப் பாத்துட்டு, பிள்ளைகளை எண்ணிட்டு வந்து படுப்பாக. எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு கதவு, ரெண்டு பிள்ளை. நீயும் அப்படித்தான் ஆவ. அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வை, மந்திரிச்சு விடக் கூப்பிட்டுப் போயிருவாக.

ஆத்தங்குடிப் பொண்ணு:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. அப்பாகிட்ட முழுசும் வாசிச்சுக் காட்டினேன். பாட்டில் கதையைக் கேட்டுட்டு, "கல்லு காயவைக்கும்போது நாங்களும் எண்ணுவோம், ஆனா சாயங்காலம்தான் எண்ணுவோம்"னாரு. ஏன்னு கேட்டா, காலையில எண்ணினா உடைஞ்சது நம்ம கணக்குல வராதாம்!

ஐயா, இன்னும் ரெண்டு கேள்வி. அந்தப் பக்கத்து அதிகாரிகளோட பேச வேண்டி வருமா? டேகன்பூருக்கு எப்படிப் போறது, என்ன கொண்டு போகணும்?

பள்ளத்தூர்க்காரன்:

உங்க அப்பா விவரமானவரு.

பேச வேண்டி வரும். ஃப்ளாக் மீட்டிங்னு சொல்றது. மாடு தாண்டிப் போச்சு, ஆளு தெரியாம வந்துட்டான், ஆத்து மணல்ல தகராறுன்னா ரெண்டு பக்கத்து கம்பெனி கமாண்டரும் கோட்டுல நின்னு பேசணும். முக்கால்வாசி சமாச்சாரம் அங்கேயே முடிஞ்சிரும். முடியலன்னாதான் மேல போகும். தீபாவளிக்கும் ஈதுக்கும் இனிப்பு மாத்திக்கறதும் உண்டு. ஒரு தீபாவளிக்கு ஊர்ல இருந்து வந்த தேன்குழல் டின்னையும் சேத்து நீட்டினேன். அந்த அதிகாரி அதை ஜிலேபின்னு நினைச்சு வாய் நிறையப் போட்டுக்கிட்டாரு. உப்பும் சீரகமும் இருந்ததும் முகம் போன போக்கு! மரியாதைக்கு முழுங்கிட்டாரு. அடுத்த மீட்டிங்ல "உங்க உப்பு ஜிலேபி இருக்கா"ன்னு அவராவே கேட்டாரு. ரெண்டு மாடு, ஒரு படகு அந்த டின்னால திரும்பி வந்துச்சுன்னு எங்க ஆளுக சொல்லிக்குவாக. நான் அதை எந்த ரிப்போர்ட்டிலயும் எழுதல.

காரைக்குடியில பல்லவனைப் பிடி. சென்னையில ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். குவாலியர்ல அகால நேரத்துல இறக்கிவிடும், விடியற வரைக்கும் பெண்கள் வெயிட்டிங் ரூம்ல இரு. டேகன்பூர் அங்கேயிருந்து ஜான்சி ரோட்டுல 30 கிலோமீட்டர் போல. பூட்ஸுக்குள்ள போட நல்ல பருத்தி சாக்ஸ் பத்து ஜோடி, கால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய், சின்ன நோட்டு ஒண்ணு. மாவுருண்டை கொண்டு போகாத, குளிர் காலத்துல நெய் உறைஞ்சு கல்லாயிரும். தேன்குழல் நொறுங்கும், பரவால்ல, நொறுங்கினதைத்தான் பாரக்ல மொதல்ல காலி பண்ணுவாளுக.