முரட்டுக் குதிரை: மேல ஏறுறதுக்கு முன்னாடி நீங்க பட்டதைச் சொல்லுங்க

பள்ளிகொண்டாகாரன் (திரி ஆரம்பிச்சவர்)

எல்லாருக்கும் வணக்கம். குதிரை ஓட்டுன கதை நெறைய படிச்சாச்சு, பீச்ல ஓட்டுனேன் ஊட்டியில ஓட்டுனேன்னு, அதெல்லாம் இங்க வேணாம். மேல ஏறுறதுக்கு முன்னாடி தரையில நின்னுகிட்டு என்னென்ன பட்டீங்களோ அது மட்டும். அங்கவடியில, அதான் சேணத்துல கால் வைக்கிற வளையத்துல, கால் வச்சதோட கதைய நிறுத்திடணும், அதான் ரூல். மொதல்ல நானே ஆரம்பிக்கிறேன், ஏன்னா என்னைவிட கேவலமா ஆரம்பிச்சவன் இங்க யாரும் இருக்க மாட்டான்.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குச் சும்மா பாக்கத்தான் போனேன். ஒரு செவலைப் பொட்டை, மார்வாரின்னு ராஜஸ்தான் குதிரை ஜாதியோட கலப்பு, காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒன்னையொன்னு தொடப்போற மாதிரி இருந்துச்சு, அந்தக் காதைப் பாத்தே விழுந்துட்டேன். நாலு வயசாம். வித்தவர் ஒவ்வொரு முடிச் சுழியா விரல் வச்சுக் காட்டி "சுழி சுத்தம்ங்க, சின்னப்புள்ள கூட ஓட்டலாம்"னாரு. நான் சுழியவே பாத்துகிட்டு நின்னேன், முதுகைப் பாக்கல. குட்டி யானையில ஏத்தி சேலம், கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரி பூரா வந்து விடியக்காலம் பள்ளிகொண்டா சேந்தோம், வழி நெடுக அவ உதைச்ச உதையில வண்டிப் பலகை ஒன்னு காலி, டிரைவருக்கு அதுக்கும் சேத்துத் துட்டு குடுத்தேன்.

மூணாவது நாளே சேணம் போட்டு ஏறிட்டேன். ரூலை மொத ஆளா நானே மீறுறேன், ஆனா மேல ரெண்டு செகண்ட்தான் இருந்தேன், அது கணக்குல வராது. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி எழும்புனா, நான் மல்லாக்க விழுந்தேன், காலர் போன் ஒடைஞ்சுது. ஆறு வாரம் கைய தொட்டில்ல போட்டுகினு சும்மா இருன்னுட்டாரு டாக்டர். எங்கம்மா "செவ்வாக்கெழம பொய்கை சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி எவன் தலையிலயாவது கட்டிட்டு ஒரு கறவை மாடு வாங்கியா"ன்னு ஒரே பாட்டு.

அப்பதான் வேலூர் சைதாப்பேட்டையில இருந்து ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தாங்க. எழுவது தாண்டுன ஆளு, ஜட்கா, அதான் குதிரை வண்டி, ஓட்டுன கை. பாய்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். வந்ததும் குதிரைகிட்ட போவல. வேப்பமரத்தடியில ஸ்டூலைப் போட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உக்காந்து டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. முக்கா மணி நேரம் எங்கிட்ட ஊர்க் கதை. அவ கயிறு எட்டுற வரைக்கும் மெதுவா வந்து பாய் தோள்பட்டைய மோந்து பாத்தா, அப்பவும் அவர் திரும்பல. "ஏர்ற அவசரம் உனக்குத்தான் கீது நைனா, அதுக்கு இன்னா அவசரம்?"னாரு.

அப்புறம் எழுந்து, நேர் முன்னாடி இருந்தும் போவாம பின்னாடி இருந்தும் போவாம, இடது தோள் பக்கமா சாய்வா போனாரு. குதிரைக்குக் கண்ணு தலையோட ரெண்டு பக்கத்துல இருக்கறதால சுத்திலும் கிட்டத்தட்ட எல்லாமே தெரியும், ஆனா நெத்திக்கு நேர் முன்னாடி கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னாடியும் குருடு. நான் தெனம் நேரா மூஞ்சிக்கு எதுக்க போயி நெத்திய தடவ கை நீட்டிகிட்டு இருந்தேன். அவ தலைய வெடுக்குனு தூக்குவா, நான் திமிருன்னு நெனைச்சேன்.

பாய் அவ கழுத்தடியில இருந்து ரெண்டு விரலை முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல வச்சு அமுக்கிகினே போனாரு. ஒரு எடத்துல விரல் பட்டதும் அவ முதுகு அப்படியே பள்ளமா கீழ எறங்குச்சு, காது பின்னாடி படுத்துச்சு. மறுபடி அமுக்குனாரு, மறுபடி எறங்குச்சு. முடிய வெலக்கிக் காட்டுனாரு, ரூபாக்காசு அளவுக்கு வெள்ளை முடி, பழைய சேணப்புண்ணு ஆறுன தழும்பு. முன்னங்கால் சந்துல வயித்து வார் படற எடத்துலயும் அதே மாதிரி ஒன்னு. சேணத்தை வெறும் முதுகுல வச்சுப் பாருன்னாரு, சேணத்தோட முன்பக்க வளைவுக்கும் கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற மேட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போவணுமாம், என் சுண்டு விரல் கூட போவல. நான் ஏறி உக்காந்தது அவளுக்குப் புண்ணு மேல ஆணி அடிச்ச மாதிரி இருந்திருக்கு.

அன்னைக்கு சேணத்தைத் தூக்கிப் பரண்ல போட்டோம். ஒத்தக்கையோட நான் செஞ்சதெல்லாம் இதுதான். கயித்தைப் புடிச்சு நடத்துறது, நிறுத்துறது, பின்னாடி நவுத்துறது. கயித்தைக் கையில சுத்திக்கக் கூடாது, மடிச்சுத்தான் புடிக்கணும், சுத்திகினா அவ ஓடுனா கையும் கூடவே போவும். விலா மேல விரலால லேசா அமுக்கணும், ஒரு அடி வெலகுனா அந்த நொடியே கையை எடுத்துடணும். அமுக்குறது பாடம் இல்ல, எடுக்கறதுதான் அதுக்குப் பாடம்னு பாய் சொல்வாரு. நான் எடுக்க லேட் பண்ணா அவ சாய்ஞ்சு என்னையே தள்ளுவா. கையால தீனி குடுக்காத, கடிக்கப் பழகும்னு சொல்லிட்டுப் போனாரு, சரின்னேன்.

அவளுக்குப் பெரிய எமன் முள்வேலியில மாட்டி படபடன்னு அடிக்கிற சிமெண்ட் சாக்கு. அதைக் கண்டா நாலு காலும் தனித்தனியா ஓடும். பாய் அந்த சாக்கை எடுத்து ஒரு பையன் கையில குடுத்து எங்களுக்கு முன்னாடி பாலாத்து மணல்ல இழுத்துகினு போவச் சொன்னாரு, நாங்க பின்னாடி. தன்னைத் தொரத்துற சாமான் இப்ப தன்னைப் பாத்து ஓடுதுன்னு அவளுக்கு ஒரு குஷி. நாலாவது நாள் மூக்கால முட்டுனா, ஆறாவது நாள் சாக்கு மேல காலை வச்சு நின்னுகினா. இதுக்கு மேல எழுதுனா கை வலிக்கும், நீங்க சொல்லுங்க.

வாணியம்பாடி ஜட்கா பேரன்

அண்ணா, படிக்கும்போதே எங்க தாத்தா ஞாபகம். அவர் வண்டிக் குதிரைக்குப் பின்னாடி போவணும்னா தூரத்துலயே பேச ஆரம்பிச்சிடுவாரு, வீட்ல இருக்கவங்களை திட்டுற மாதிரியாவது ஏதோ ஒன்னு பேசிகினே போவாரு, புட்டத்து மேல கைய வச்சு ஒட்டுனாப்புல சுத்தி வருவாரு. ஒன்னு ஒட்டிப் போ, இல்ல பத்தடி தள்ளிப் போ, நடுவுல நிக்காத, உதையோட முழு வேகமும் அங்கதான். நான் நடுவுல நின்னவன், தொடையில லாடம் அச்சு ஒரு மாசம் இருந்துச்சு.

என் அனுபவம் வேற மாதிரி. தாத்தா காலமான பிறகு அந்த வண்டிக் குதிரைய ஓட்டப் பழக்கலாம்னு பாத்தேன். ரோட்டுல லாரி பஸ் எதுக்கும் அசராத குதிரை, முதுகுல ஒரு கோணிப்பை போட்டதும் வெறி புடிச்ச மாதிரி ஆடுச்சு. ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, அது வாழ்நாள் பூரா கண்ணு பக்கத்துல தோல் பட்டை கட்டி முன்னாடி மட்டும் பாத்து வளந்தது. வண்டி பின்னாடி வர்றதைக் காதால கேட்டுதே தவிர கண்ணால பாத்ததே இல்ல, இப்ப பட்டைய கழட்டுனதும் முதுகு மேல ஏதோ ஒன்னு நிக்கறது தெரியுது. முதுகுல பாரமும் புதுசு, வண்டியில இழுவை வார் கழுத்துலயும் நெஞ்சுலயும்தான் இழுக்கும். கோணிப்பைய முகத்துகிட்ட காட்டி, கழுத்துல தேச்சு, தோள்ல தேச்சு, அப்புறம் முதுகுன்னு வர்றதுக்கே மூணு வாரம்.

ஆற்காடு வெள்ளைக்குதிரை

நான் வாங்குனது கல்யாண ஊர்வலத்துக்கு ஓடுன குதிரை. அதை எப்படி ஆடப் பழக்குனாங்கன்னு இங்க எழுத மனசு வரல, வாய் ஓரம் ரெண்டு பக்கமும் தழும்பு, அவ்ளோதான். என் பிரச்சனை மேளம். தூரத்துல எங்கயாவது மேளச் சத்தம் கேட்டா போதும், நின்ன எடத்துலயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், வேர்த்துக் கொட்டும். ஒரு நாள் கயித்தப் புடிச்சு நடத்திகினு வந்துகினு இருக்கேன், எதுக்க சாவு ஊர்வலம், பறை. நம்மாளு நடு ரோட்டுல டான்ஸ். பாடைக்கு முன்னாடி ஆடிகினு இருந்த பசங்க "அண்ணே சூப்பர்ண்ணே"னு கூட சேந்துகிட்டானுங்க. துக்க வீட்டுக்காரங்க மூஞ்சிய நான் பாக்கவே இல்ல, குனிஞ்சுகினே வந்துட்டேன்.

புளூடூத் ஸ்பீக்கர்ல மேளத்தை ரொம்ப சன்னமா வச்சு, அது புல்லு தின்ற நேரத்துல மட்டும் தெனமும். தின்றதை நிறுத்தாத வரைக்கும் சத்தம் அதே அளவு, தலைய தூக்குனா கம்மி பண்ணுவேன். ரெண்டரை மாசம். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை விட்டுட்டாரு.

கால்நடைப் படிப்புக்காரி

ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன். பாதி பேர் முரடுன்னு சொல்றது தீனிதான். வேலையே குடுக்காம கட்டிப்போட்டு கொள்ளும் ஓட்ஸும் கிலோ கணக்குல போட்டா அது துள்ளாம என்ன பண்ணும்? புல்லு, வைக்கோல்னு நார்த்தீனி காய்ஞ்ச கணக்குல உடம்பு எடையில 1.5ல இருந்து 2 சதவீதம் தெனமும் போவணும், 350 கிலோ குதிரைக்கு அஞ்சே காலு கிலோவுல இருந்து ஏழு கிலோ. கொள்ளு அதுக்கு மேல வேலைக்குத் தக்க. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, தப்பா தின்னது உள்ளயே நின்னு வயித்து வலியா மாறும், அந்த வலியில உதைக்கறதையும் திமிருன்னுதான் சொல்றாங்க.

ரெண்டாவது பல்லு. மேல் கடவாப்பல்லு வெளிப்பக்கம் கத்தி மாதிரி கூராயிடும், கடிவாளம் போட்டு இழுத்தா கன்னத்தோட உள்பக்கம் கிழியும். அரம் வச்சு ராவி விடணும். பள்ளிகொண்டாகாரர் குதிரைக்கு நாலு வயசுங்கறதால சொல்றேன், முதுகெலும்பு முழுசா முத்தறதுக்கு இன்னும் ஒன்னு ரெண்டு வருஷம் ஆவும், அதனால பாரம் கம்மியா, நேரம் கம்மியா.

மீசைக்காரன்

இதெல்லாம் பொட்டைப்புள்ள வேலை. சாட்டை இல்லாம எந்தக் குதிரையும் வழிக்கு வந்ததா சரித்திரம் கிடையாது. செஞ்சி தேசிங்கு ராஜா பாராசாரிங்கற குதிரைய அடக்குனது ஸ்பீக்கர் வச்சா?

பள்ளிகொண்டாகாரன்

அண்ணே, தேசிங்கு கதைய நானும் கூத்துல விடிய விடிய பாத்தவன்தான். டெல்லியில எவனாலயும் ஏற முடியாத குதிரை, அப்பனை ஜெயில்ல இருந்து மீட்க புள்ள போயி அடக்குறான், சரி. கூத்துல அதுக்கு ஒரு ராத்திரி போதும், எனக்கு ஆறு வாரம் ஆச்சு, நான் ராஜா இல்ல. அதுவும் நீங்க யார்கிட்ட சொல்றீங்க, 1714ல ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோட சண்டை போட்டு தேசிங்கு செத்தாரு, உடன்கட்டை ஏறுன அவர் ராணி பேருலதான் நம்ம ராணிப்பேட்டைன்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

சரித்திரம்னு கேட்டீங்களே, 1806 ஜூலை 10 வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதுத்து எழுந்தப்ப கில்லஸ்பிங்கற வெள்ளைக்கார அதிகாரி ஆற்காட்டுல இருந்து குதிரைப்படையோட வந்தான், கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். வந்தவன் பண்ண அநியாயம் வேற கதை. நான் யோசிக்கறது அந்தக் குதிரைங்கள. துப்பாக்கி, பீரங்கிச் சத்தத்துக்குள்ள போயி நின்னுதுங்க இல்ல? சத்தத்துக்கு முன்னாடியே பழக்காம சாட்டையால மட்டும் அது நடக்குமா?

வாணியம்பாடி ஜட்கா பேரன்

அண்ணா ஒரு டவுட். இடது பக்கம் பழக்குனது வலது பக்கம் தெரியாதுன்னு எங்க தாத்தா சொல்வாரு, நெசமா?

கால்நடைப் படிப்புக்காரி

முழுசா அப்படி இல்ல, ஒரு கண்ணுல பாத்தது மறு பக்க மூளைக்கும் போவும். ஆனா அதே சாமான் வேற கோணத்துல வேற சாமானா தெரியுது, அதான் போம்போது மிரளாத கல்லு வரும்போது மிரட்டுது. தாத்தா சொன்ன காரணம் தப்பா இருந்தாலும் சொன்ன வேலை சரி, எதையும் ரெண்டு பக்கமும் பழக்குங்க.

ஆற்காடு வெள்ளைக்குதிரை

பள்ளிகொண்டாகாரரே, கடைசியில ஏறுனீங்களா இல்லையா?

பள்ளிகொண்டாகாரன்

பல்லு ராவி, கை தொட்டில் அவுத்து, வேற சேணம் பாத்து வாங்குனேன், அகலமான முன்வளைவு, ரெண்டு விரல் தாராளமா போவுது. மொத வாரம் வெறும் போர்வை, அடுத்து போர்வை மேல வார், அப்புறம்தான் சேணம். வாரை ஒரே மூச்சுல இறுக்காத, அவ வயித்தை உப்பிகினு நிப்பா, ஒரு ஓட்டை இறுக்கி நாலடி நடத்திட்டு வந்து அடுத்த ஓட்டைன்னு பாய் சொல்லிக் குடுத்தாரு. இருவது அடி கயித்துல சேணத்தோட வட்டம், இடப்பக்கம் அஞ்சு நிமிஷம் வலப்பக்கம் அஞ்சு நிமிஷம், அங்கவடி விலாவுல தட்டித் தட்டி சத்தம் போட்டாலும் காதை மட்டும் திருப்புனா.

போன ஞாயித்துக்கெழம பாய் வந்தாரு. ஸ்டூலைப் போட்டு மேல நில்லுன்னாரு, நின்னேன். வயித்தை அவ முதுகுல சாய்ச்சு பாரத்தைக் குடுன்னாரு, குடுத்தேன், மூச்சு வெளிய விட்டா, அசையல. எறங்கி அந்தப் பக்கம் போயி அதே மாதிரி. மூணு தரம் முடிஞ்சு நாலாவது தரம் ஸ்டூல்ல நிக்கும்போது கழுத்தைத் திருப்பி என் சட்டைப் பையில மூக்கை விட்டு வெல்லத்தைத் தேட ஆரம்பிச்சா. ஆறு வாரமா நான் திருட்டுத்தனமா குடுத்துகினு இருந்தது பாய்க்கு அப்பதான் தெரிஞ்சுது. ஸ்டூலைப் புடுங்கிகினு போயி மரத்தடியில போட்டு உக்காந்துட்டாரு, "இன்னும் பத்து நாள்"னாரு.