ரிஷேர் சுரண்டி எழுதிய பெயர்

சுவடிப்பித்தன்: பிரான்சை ஆண்ட கரோலிங்கிய மரபு அரசர்களின் கடைசிக் காலத்துக்கு (பத்தாம் நூற்றாண்டு), வரலாறு எழுதிய ரேம்ஸ் நகரத் துறவி ரிஷேரைவிட நம்பகமான சான்று கிடையாது என்று நேற்று இங்கே நண்பர் கரைவழி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த வரலாற்றை ரிஷேர் தம் கைப்பட எழுதிய பிரதி 1833இல் பாம்பெர்க் நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதில், கரோலிங்கிய அரசர் மூன்றாம் சார்லஸுக்கு அடங்கியவராக முதலில் லொத்தரிங்கியப் பிரபு கிசெல்பெர்ட்டின் பெயரை எழுதிவிட்டு, பின்னர் அதை அழித்து, கிழக்கே ஜெர்மானிய நாட்டை ஆண்ட சாக்சனியின் ஹென்றி என்று மாற்றியிருக்கிறார். ஆனால் 921இல் பான் நகருக்கருகே, ரைன் நதியின் நடுவே நங்கூரமிட்ட கப்பலில், அதே சார்லஸும் ஹென்றியும் சரிநிகரான இரு மன்னர்களாக உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கிசெல்பெர்ட் எப்படி ஐயா ஹென்றி ஆனார்?

கரைவழி: அழித்தது தங்கள் கண்ணில் படுகிறதென்றால், அவருடைய சொந்தப் பிரதியே கிடைத்திருப்பதனால்தான். ரிஷேருக்கு முன்பே ரேம்ஸில் இருந்து எழுதிய, தாங்கள் கொண்டாடும் பாதிரியார் ஃப்ளோடோவாரின் ஆண்டுக்குறிப்புகளுக்கு மூலப்பிரதியே இல்லை. அவர் எதையெல்லாம் சுரண்டினாரோ! மேலும், அவர் 966இல் நிறுத்திவிட்டார். 987இல் கடைசிக் கரோலிங்கிய அரசர் ஐந்தாம் லூயி வேட்டையில் விழுந்து மாண்டதையும், ஹியூ கப்பே அரியணை ஏறியதையும் யாரை வைத்து எழுதப்போகிறீர்கள்?

சுவடிப்பித்தன்: 987ஐப் பற்றி நான் பேசவே இல்லை. கேட்டது ஒரே கேள்வி: கிசெல்பெர்ட் எப்படி ஹென்றி ஆனார்?

பழையவன்: இருவரும் முதலில் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். 'ரிஷே' என்பதே சரி.

சுவடிப்பித்தன்: வந்துவிட்டார் உச்சரிப்பு வாத்தியார்! சென்ற மாதம் 'லோத்தேர்' என்ற அரசர் பெயரின் உச்சரிப்புக்காக மூன்று நாள் மல்லுக்கு நின்றவர்தானே தாங்கள்?

பழையவன்: அன்றும் தாங்கள் பதில் சொல்லவில்லை.

கரைவழி: ஃப்ளோடோவார் மட்டும் நடுநிலையாளரா? 925இல் ஐந்து வயதுப் பிள்ளையை ரேம்ஸின் பேராயராக்கியபோது அதற்கு உடன்படாததால் தம் மானியத்தை இழந்தவர். பிள்ளையின் தகப்பனான வெர்மாந்துவாப் பிரபு ஹெர்பெர்ட்டைப் பற்றி அவர் எழுதியதில் அந்தக் கசப்பு இருக்காதா?

சுவடிப்பித்தன்: கசப்பு இருக்கட்டும். கசப்பு உள்ளவன் குத்தலாக எழுதுவான், ஆளையே மாற்றமாட்டான். ஃப்ளோடோவாரின் ஏட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியதாக முன்னுரையில் ஒப்புக்கொள்ளும் ரிஷேர், பக்கத்து நாட்டு மன்னரைத் தம் அரசருக்குக் கீழே உட்காரவைக்கக் கத்தியை எடுத்துத் தோல் ஏட்டைச் சுரண்டுகிறார். அதைப் பிழைதிருத்தம் என்கிறீர்களா?

கரைவழி: வரைவு என்கிறேன். தாங்கள் எதையும் அடித்து எழுதியதே இல்லையா?

சுவடிப்பித்தன்: எழுதியிருக்கிறேன். கிசெல்பெர்ட்டை ஹென்றி ஆக்கியதில்லை.

பழையவன்: 'ஷில்பேர்'.